பாம்பன், ராமேசுவரம், தனுஷ்கோடி படப்பிடிப்பு இடங்களில் நடை உலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் படம் பிடிக்கப்பட்ட இடங்களை, ராமேசுவரம் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் நடத்தி அழைத்துச் சென்று காட்டும் பணியில் உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். தொலைபேசியில் விசாரிப்பவர்களும், பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியவுடன் கேட்பவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள் என்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

ஷூட்டிங் எடுத்த இடத்தைச் சுற்றிக் காட்டுறதுன்னா என்ன? கார்ல போய்ப் பார்த்தா ஆகாதா?

காரில் போனால் இடத்தைப் பார்க்கலாம். கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் நடையில் ஒரு காட்சியின் அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னணியில் தெரியும் பனைமரம், சுவரின் விளிம்பு, தொடுவானத்தின் உயரம் ஆகியவற்றை ஒப்பிட்டபடி நகர்ந்து, ஒளிப்பதிவாளர் எங்கே நின்றிருப்பார் என்பதைத் தேடுகிறோம். அந்த இடம் கிடைத்ததும் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்வோம். திரையில் ஆளரவமற்ற கடற்கரையாகத் தெரிந்த இடத்துக்கு நேர் பின்னால் மீனவர் குடிசைகளும், வலை உலர்த்தும் பரப்பும், பொரித்த மீன் விற்கும் ஓலைக் கடையும் இருக்கும். படத்துக்குள் வந்ததைவிட வெளியே விடப்பட்டதைக் காட்டுவதற்காகவே இந்த நடை.

எவ்வளவு தூரம் நடக்கணும்? வயசானவங்க வரலாமா?

தொடர்ச்சியாக நடக்கக்கூடிய ஒரே பாதை இங்கே கிடையாது. பாம்பனிலிருந்து ராமேசுவரம் நகரம் சுமார் 12 கிலோமீட்டர். நகரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆகவே பாம்பன், நகரம், தனுஷ்கோடி என மூன்று துண்டுகளாகப் பிரித்து, இடையில் வாகனத்தில் செல்கிறோம். நகரப் பகுதியில் எல்லோரும் நடக்கலாம். தனுஷ்கோடியில் மணலில் கால் புதையும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் தேவாலயச் சிதைவு வரை வந்து அமர்ந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டுல துப்ரோவ்னிக்னு ஒரு ஊர்ல டிவி தொடர் எடுத்த இடத்துக்கு டூர் போறாங்களே, அந்த மாதிரியா இது?

முறை அதுதான், நிலைமை வேறு. குரோஷியா நாட்டின் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள துப்ரோவ்னிக், சுமார் 1,940 மீட்டர் நீளமுள்ள கோட்டை மதிலுக்குள் அடங்கிய பழைய நகரம். 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 2012 தொடங்கி ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் கற்பனைத் தலைநகராக அது திரையில் வந்ததும், படிக்கட்டு, கொத்தளம் என ஒவ்வொன்றையும் காட்டும் நடை உலாக்கள் பெருகின. மதிலுக்குள் வாகனம் ஓடாது. எல்லாம் காலடிக்குள் இருக்கிறது. வழிகாட்டி ஒரு காலைப் பொழுதில் முழுத் தலைநகரையும் காட்டிவிடலாம்.

நம் கரையில் மதில் இல்லை, தலைநகர் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. அங்கே நிலைத்து நிற்கும் ஒரு நகரம் கற்பனை ஊராக நடித்தது. இங்கே புயலில் அழிந்த ஓர் ஊர், பெரும்பாலும் அழிந்த ஊராகவே படம் பிடிக்கப்படுகிறது. துப்ரோவ்னிக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கூட்டத்தைப் பற்றியது. 8,000 பேருக்கு மேல் பழைய நகரத்துக்குள் இருக்க வேண்டாம் என்று அங்கே பரிந்துரைக்கும் நிலை வந்தது. விடுமுறை நாளின் பிற்பகலில் அரிச்சல்முனைச் சாலையில் வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் அவ்வளவு தொலைவானதாகத் தோன்றாது.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

இதற்குப் பதில் சொல்ல இரண்டு கடல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி நிலத்துண்டின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வது வழக்கம். ஆனால் அமைதி எப்போதும் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று வீசும்போது வளைகுடாப் பக்கம் சீறும், நீரிணைப் பக்கம் குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் இது தலைகீழாகிவிடும்.

படக்குழுக்கள் இதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. கொந்தளிப்பான கடலும் அமைதியான கடலும் ஒரே நாளில் தேவைப்பட்டால், சாலையைக் குறுக்கே கடந்தால் போதும். கதையில் இரண்டு வெவ்வேறு ஊர்களாக வரும் கடல்கள் இங்கே நடந்தே கடக்கும் தூரத்தில் இருக்கின்றன என்பதை நேரில் பார்க்கையில் எல்லோருக்கும் வியப்பு. நடப்பதற்கு இதமானது தை முதல் பங்குனி வரை. ஆனி, ஆடியில் மணல் பறந்து கண்ணில் விழும். ஒளிப்பதிவுக்கு அழகு, நடப்பவர்களுக்குத் தொல்லை.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

விடியற்காலை. வெயில் ஏறிய பிறகு மணலில் நிழல் என்பதே கிடையாது. மாலையில் தனுஷ்கோடியில் தங்கவும் அனுமதியில்லை. இருட்டுவதற்கு முன்பே காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாம்பன் பாலத்து மேல நடக்கலாமா?

ரயில் பாலங்களில் நடக்க முடியாது. அத்துமீறி ஏறுவது குற்றம். சாலைப் பாலத்தின் ஓரத்தில் நின்று பார்க்கலாம். திரையில் நீங்கள் பார்த்த பாம்பன் காட்சிகளில் மிகப் பல அங்கிருந்து எடுக்கப்பட்டவைதான். 2.345 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. கப்பல்கள் கீழே செல்வதற்காக நடுவில் அது உயர்ந்து வளைவதால், ரயிலை மேலிருந்து பார்க்கும் கோணம் செலவில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அது போக்குவரத்து மிகுந்த சாலை. செல்ஃபி எடுப்பதற்காகக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்காருபவர்களை எங்கள் குழுவில் மேற்கொண்டு அழைத்துச் செல்வதில்லை.

அடுத்ததாகப் பாம்பன் ஊர்ப் பக்கக் கரைக்கு இறங்குகிறோம். அங்கே நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் தூண்கள் எவ்வளவு நெருக்கமாக நடப்பட்டிருக்கின்றன என்பது தெரியும்.

ஒரு படத்துல பாலம் வந்தா, அது எந்தக் காலத்துல எடுத்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?

பாம்பன் கால்வாய் தன் தேதியைத் தானே சொல்லும். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் நடுவில் அமைந்த ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி இரண்டு இதழ்களாகச் சாய்ந்து விரிந்தது. ஆட்கள் நெம்புகோல் தள்ளி அதைத் திறந்தார்கள். காட்சியில் அந்த ரயில் பாலம் மட்டும் இருந்து பக்கத்தில் சாலைப் பாலமோ அதற்கான கட்டுமானமோ இல்லையென்றால் படம் மிகப் பழையது. இரண்டும் இருந்து, தண்டவாளம் குறுகலான மீட்டர் பாதையாக இருந்தால், 2007 ஆகஸ்டில் அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்தையது. பழைய பாலத்தில் ரயில் ஓடினால் 2022 டிசம்பருக்கு முந்தையது, ஏனெனில் பாதுகாப்புக் கருதி அந்த மாதத்தோடு போக்குவரத்து நிறுத்தப்பட்டது. உயரமான இரு கோபுரங்களுக்கிடையே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி நேர்செங்குத்தாக மேலே எழும்பினால், அது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாலைப் பாலம் வருவதற்கு முந்தைய காலத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைகளிலும் சாலைப் பாலத்தின் விளக்குக் கம்பம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். குழந்தைகள்தான் அதை முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

தனுஷ்கோடில இப்ப என்ன இருக்கு? படத்துல பார்த்த ஊர் எங்கே போச்சு?

1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி 23 விடியும்வரை வீசிய புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653 எண் பயணிகள் ரயில் கடல் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்றதாக அறிவித்தது. அதற்கு முன்பு அது துறைமுக ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் இறங்கிக் கொழும்புக்கு ரயில் பிடித்தவர்களின் பாதை. இன்று தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் எஞ்சிய வளைவுகள், தண்ணீர்த் தொட்டி, அஞ்சலகக் கட்டடத்தின் சிதைவு ஆகியவை நிற்கின்றன.

“பேய் ஊர்” என்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சூட்டிய பெயர் எங்களுக்கு உடன்பாடானதல்ல. அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. உப்புக் கடல் இருபுறமும் இருக்க, மணலில் சில அடி தோண்டி ஊற்று எடுத்து, அடியில் கசிந்து சேரும் நல்ல தண்ணீரைச் சிறிய பாத்திரத்தால் மணல் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். அந்த ஊற்றைக் காட்டிவிட்டுத்தான் தேவாலயத்துக்குப் போவோம்.

அந்த சர்ச்சுக்குள்ள போய் நின்னு போட்டோ எடுக்கலாமா? எல்லாப் பாட்டும் அங்கதானே எடுக்கறாங்க?

எல்லாப் பாட்டும் இல்லை. ஆனால் கேமராக்கள் அதிகமாகத் தேடி வரும் சுவர் அதுதான் என்பதில் ஐயமில்லை. கூரை போய்விட்டதால் நடுப்பகலிலும் பீடப் பக்கத்துச் சுவரில் வெளிச்சம் நேரடியாக விழுகிறது, வளைவின் வழியாக வானம் தெரிகிறது. ஒளிப்பதிவாளருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

படம் எடுக்கலாம், தொடக் கூடாது. சுவரின் அருகே சென்று பாருங்கள். அது செங்கல் அல்ல, கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடங்களில், ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளத்தின் நுண்துளைகள் சிறுசிறு நட்சத்திரங்களாக வரிசையில் தெரியும். உப்புக் காற்று அரித்ததில் சில கற்கள் விரல் பட்டாலே மாவாக உதிர்கின்றன. அப்படியிருந்தும் பெயரையும் இதயத்தையும் ஆணியால் கீறிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டுக்காகச் சுவரில் ஏறி நின்ற நடிகரைப் பார்த்துவிட்டு அதே போல் ஏற முயல்பவர்களும் உண்டு.

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஷூட்டிங்குக்கு வந்துதானே புயல்ல மாட்டினாங்க?

அவர்கள் படப்பிடிப்புக்கு வரவில்லை, சாமி கும்பிட வந்தார்கள். தனுஷ்கோடிக்குப் போய்விட்டு ராமேசுவரம் திரும்பியிருந்ததால் உயிர் தப்பினார்கள். அவர்கள் நடித்த காட்சி ஒன்று தனுஷ்கோடியில் அழிந்த தெருவில் எடுக்கப்பட்டதாகச் சிலர் சேர்த்துச் சொல்வது கதை; அதை நாங்கள் சொல்வதில்லை.

இலங்கைன்னு சினிமாவுல காட்டுறதெல்லாம் நம்ம ஊருதானாமே?

பனையும் வெண்மணலும் உடைமரமும் ஓலைக்குடிசையும் இரு கரைகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். சில இடங்களில் கைபேசி இலங்கையின் அலைவரிசையைப் பிடித்து வரவேற்புச் செய்தி கூட அனுப்பும். போர்க்காலத்தில் வடஇலங்கைக்குப் போய்ப் படம் எடுப்பது இயலாத காரியம் என்பதால், அந்த நிலத்துக்கு மாற்றாக இந்தக் கரை எளிதாகப் பொருந்தியது. ஆனால் அதே காரணத்துக்காகக் கேரளத்திலும் புதுச்சேரியிலும் பிற கடற்கரைகளிலும்கூட இலங்கைக் காட்சிகள் எடுக்கப்பட்டன. “எல்லாம் இங்கேதான்” என்பது தவறு.

இந்தக் கரை இந்தக் கரையாகவே வரும் படங்கள் குறைவு. லீனா மணிமேகலை இயக்கிய ‘செங்கடல்’ அவற்றில் ஒன்று. தனுஷ்கோடியில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் உள்ளூர் மீனவர்களும் ஈழ அகதிகளும் நடித்தார்கள். அந்தக் காட்சிகளைத் தேடி வருபவர்களிடம் இடத்தைக் காட்டுவதைவிட அங்குள்ளவர்களிடம் பேசச் சொல்வதுதான் எங்கள் வழக்கம்.

ஆட்டோக்காரர் வேற இடத்தைக் காட்டி இதுதான்னு சொன்னாரு. யார் சொல்றது சரி?

அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். படக்குழுவுக்கு வண்டி ஓட்டியவர்களும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் எங்களைவிட நன்றாக அறிந்திருப்பார்கள். நாங்கள் இரண்டு வகையில்தான் உறுதி செய்கிறோம்: படத்தின் நன்றி அட்டையில் ஊரின் பெயர் இருக்க வேண்டும், அல்லது முதல் பதிலில் சொன்னபடி காட்சியும் களமும் பொருந்த வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தை “இங்கே எடுத்ததாகச் சொல்கிறார்கள்” என்று சொல்லித்தான் காட்டுவோம். இந்தக் கரையில் மணல் நகரும். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு காட்சியின் தோற்றமே மாறிவிட்டது. அதற்கு முன்பு, சாலை முடிந்த முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தேங்கிய நீரிலும் வேனில் குலுங்கிப் போன தடம் இன்று சாலைக்கு அடியில் கிடக்கிறது. ஆகவே பழைய படங்களின் சில இடங்களை யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

கரைவலை இழுக்கிறவங்களோட சேர்ந்து இழுத்து வீடியோ எடுக்கலாமா? சீரியல்ல ஹீரோயின் இழுப்பாங்களே!

தொடரில் கதாநாயகி இழுத்த வலையில் மீன் இருந்திருக்காது. இங்கே இழுக்கப்படுவது அன்றைய கூலி. படகில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு, இரண்டு வடங்களைக் கரைக்குக் கொண்டுவந்து, இரு அணியாகப் பின்னோக்கி நடந்தபடி இழுப்பார்கள். வடத்தின் கடைசியில் இருப்பவர் கயிற்றை வளையமாகச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து நீர்விளிம்பில் மறுபடி பிடிப்பார். வரிசை நிற்காமல் சுழலும். இரு அணிகளும் ஒரே வேகத்தில் நெருங்கி வந்தால்தான் கடைசியில் வரும் மடியில், அதாவது வலையின் பை போன்ற பகுதியில், மீன் தங்கும். அந்த ஓட்டத்தின் நடுவே கைபேசியோடு ஒருவர் நுழைந்தால் அடி தவறும், ஒரு பக்கம் தளரும், மீன் போய்விடும்.

தூரத்தில் நின்று பாருங்கள். மடி கரையேறிய பிறகு, அங்கே மூத்தவராக இருப்பவரிடம் “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணம் நீட்டாதீர்கள், வேண்டுமானால் மீனை விலைக்கு வாங்குங்கள்.

மண்டபம் அகதிகள் முகாமைப் பார்க்க முடியுமா? படத்துல வருதே.

முடியாது. அங்கே அனுமதியின்றி நுழைய இயலாது என்பது ஒருபுறம் இருக்க, மக்கள் வசிக்கும் வீட்டு வாசலைக் காட்சிப் பொருளாக்கும் நடையை நாங்கள் நடத்த விரும்பவில்லை.

கோயில் பிராகாரத்துல போட்டோ எடுத்துக் கொடுப்பீங்களா?

ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் கைபேசிக்கும் கேமராவுக்கும் உள்ளே அனுமதி இல்லை. வெளியே வைத்துவிட்டு உள்ளே சென்று நடந்து பாருங்கள். தூண் வரிசை தொலைவில் ஒரு புள்ளியாகக் குவிவது எந்தத் திரையிலும் இவ்வளவு நீளமாகத் தெரியாது.

டிரோன் கொண்டு வரலாமா? யூட்யூப்ல எல்லாரும் பறக்க விடுறாங்களே.

எங்கள் நடையில் கூடாது. பக்கத்தில் கடல் எல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம். கடலோரக் காவல் எப்போதும் விழிப்பாக இருக்கும் பகுதி. உரிய அனுமதி இன்றிப் பறக்கவிட்டால் கருவியைப் பறிகொடுப்பதோடு விசாரணையையும் சந்திக்க வேண்டியிருக்கும்.

தீவுகளுக்குப் படகுல போகலாமா? பவளம், சங்கு ஏதாவது எடுத்துட்டு வரலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. வனத்துறை ஏற்பாடு செய்யும் பயணத்தைத் தவிர வேறு எந்தப் படகிலும் கால் வைக்க வேண்டாம். “ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்” என்று அழைப்பவர்களை நம்பிப் போனால் அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பவளத்துண்டு ஒன்றைக் கூட எடுக்கக் கூடாது, விலைக்கும் வாங்கக் கூடாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. கரையில் காய்ந்து கிடந்தது என்று சொல்வதால் தப்ப முடியாது.

நாங்க ஒரு குறும்படம் எடுக்கப் போறோம். உங்க நடையில வந்து அப்படியே ஷூட் பண்ணிக்கலாமா?

நடைக்கும் படப்பிடிப்புக்கும் அனுமதி வேறு வேறு. இடம் பார்ப்பதற்காக எங்களோடு நடந்து, குறிப்பெடுத்துக்கொண்டு போகலாம். எடுப்பதற்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். இடம் யாருடையது என்பதைப் பொறுத்தே அலுவலகம் மாறும். தண்டவாளமும் பாலமும் நிலையமும் தெற்கு ரயில்வேக்குரியவை. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம், சேதுபதிகளின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களோடு மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த ஓவியங்களின் மேல் விளக்கு அடிக்க எளிதில் இசைவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பொது இடங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தையும் காவல்துறையையும் அணுக வேண்டும்.

தனுஷ்கோடியில் கூடுதலாக ஒன்று உண்டு. 2025 ஜூனில் அங்கே சுமார் 524 ஹெக்டேர் பரப்பு பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் பறவைகள் ஆழமற்ற நீரில் கூட்டமாக நிற்கும்போது, அவை ஒன்றாக எழுந்து பறக்கும் காட்சி வேண்டும் என்று கைதட்டச் சொல்லும் இயக்குநர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு காட்சி உங்கள் கதையில் இருந்தால், வனத்துறைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே அதை அடித்துவிடுங்கள்.